கலந்து போகாத எலிகள்

கலிபோர்னியாவின் வடக்கே, கடலை ஒட்டி யுரேகா என்ற ஊர் இருக்கிறது. ஓயாத மூடுபனி, எப்போதும் ஈரம், சுற்றிலும் ரெட்வுட் மரக்காடு. அங்கே பொறியில் விழும் மான் எலி கறுப்போடிய பழுப்பு நிறத்தில் இருக்கும், வால் நீளம். அதே மாநிலத்தின் தெற்கே, மொஹாவி பாலைவனத்து விக்டர்வில்லில் பொறி வைத்தால் விழுவதும் மான் எலிதான். ஆனால் அது வெளிறிய மணல் நிறம்; வாலும் குட்டை. விவரம் தெரியாதவர்கள் இரண்டும் வேறு வேறு எலி என்று சத்தியமே செய்வார்கள். ஒரே கூண்டில் விட்டால் இரண்டும் இணையும், குட்டி போடும், அந்தக் குட்டிகளும் குட்டி போடும்.

மான் எலி நம் வீட்டுச் சுண்டெலி இல்லை. பெரிய கண், பெரிய காது, பழுப்பு முதுகு, வெள்ளை வயிறு, 20 கிராமை ஒட்டிய எடை. பார்வைக்குச் சுண்டெலி மாதிரி இருந்தாலும், உறவு முறையில் ஹாம்ஸ்டருக்குத்தான் நெருக்கம். கனடாவின் லாப்ரடார் பகுதியிலிருந்து வந்த எலியை வைத்து 1845-ல் ஆன்ட்ரியாஸ் வாக்னர் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர் அதற்குப் பெரோமிஸ்கஸ் மானிகுலேட்டஸ் என்று பெயர் வைத்தார். கனடாவிலிருந்து மெக்சிகோவின் நடுப்பகுதி வரை, காடு, புல்வெளி, பாலைவனம், மலையுச்சி, தீவு என்று இது இல்லாத இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 1909-ல் வில்ஃப்ரெட் ஆஸ்குட் இந்தப் பேரினத்தையே ஒழுங்குபடுத்த உட்கார்ந்தபோது 27,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளைப் பார்க்க வேண்டியிருந்தது. பிற்காலப் பட்டியல்கள் மானிகுலேட்டஸ் என்ற ஒரே இனத்துக்குள் 60-க்கும் அதிகமான துணையினங்களைக் காட்டின.

பட்டியல் போடுவது ஒரு வேலை. அதைவிடப் பெரிய புதிர் வேறு. இந்த எலிகளுக்கு நடுவே பெரும்பாலான இடங்களில் வேலி எதுவும் கிடையாது. பக்கத்துப் பக்கத்து எலிகள் இணைந்துகொண்டேதான் இருக்கின்றன. ஆயிரக்கணக்கான தலைமுறைகள் இப்படிக் கலந்தால், எல்லாம் ஒரு சராசரி நிறத்துக்கும் சராசரி வாலுக்கும் வந்து சேர்ந்திருக்க வேண்டுமே? ஏன் வரவில்லை? இந்தச் சின்ன எலியை நூறு ஆண்டுகளுக்கும் மேலாக உயிரியலாளர்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு முக்கியக் காரணம் இந்தக் கேள்விதான் என்பேன்.

முதலில் இதை உருப்படியாகக் கையில் எடுத்தவர் பிரான்சிஸ் சம்னர். அடிப்படையில் மீன் ஆள். அல்பட்ராஸ் என்ற ஆய்வுக் கப்பலில் வேலை பார்த்தவர். 1913-ல் தென் கலிபோர்னியாவின் லா ஹோயாவில் இருந்த ஸ்கிரிப்ஸ் நிறுவனத்துக்கு வந்தார். கடல் உயிரியலுக்காகத் தொடங்கிய இடத்தில் கூண்டு கூண்டாக எலி வளர்த்தார் என்பதே ஒரு வேடிக்கை. அதற்கு முன்பே அவர் வெள்ளை எலிகளை வைத்து ஒரு சோதனை செய்திருந்தார்: வெதுவெதுப்பான அறையில் வளரும் குட்டிகளுக்கு, குளிர்ந்த அறையில் வளரும் குட்டிகளைவிட வால் நீளமாக வந்தது. அப்படியானால் ஊருக்கு ஊர் தெரியும் வேறுபாடும் தட்பவெப்பம் ஒவ்வோர் உடம்பிலும் நேரடியாக ஏற்படுத்தும் தடம்தானா? சம்னரின் மனம் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தது. சூழல் உண்டாக்கும் மாற்றம் மெல்ல மெல்லப் பரம்பரையில் ஏறிவிடும் என்ற எண்ணம் அன்று செத்துப் போயிருக்கவில்லை.

சோதிப்பது எப்படி? ஊர் மாற்றிப் பார்க்க வேண்டியதுதான். யுரேகாவின் கறுத்த எலிகளையும் விக்டர்வில்லின் வெளிறிய எலிகளையும் கொண்டுவந்து, ஒரே இடத்தில், ஒரே தீனி போட்டுத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தார். பாலைவன எலி கடற்கரைக் காற்றில் கறுக்கத் தொடங்கும் என்று காத்திருந்தவருக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. பாலைவன எலியின் பேரக்குட்டியும் பாலைவன எலியாகவே பிறந்தது. ஆக, வேறுபாடு பரம்பரையில்தான் இருக்கிறது. சரி, அந்தப் பரம்பரை எந்த வகை? இரண்டையும் இணைத்தால் குட்டிகள் நடுத்தர நிறத்தில் வந்தன. அடுத்த தலைமுறையிலும் மெண்டலின் பட்டாணியைப் போலத் தெளிவாக மூன்றுக்கு ஒன்று என்று பிரியவில்லை. அதனால் மெண்டல் விதி இங்கே செல்லாது என்று பல ஆண்டுகள் வாதிட்டார். ஒரு குணத்தைப் பல மரபணுக்கள் சேர்ந்து ஆளும்போது இப்படித்தான் தெரியும் என்பதை 1920-களின் கடைசியில் ஏற்றுக்கொண்டார். தன் சோதனை முடிவு தன் கொள்கையையே அடித்து வீழ்த்தியபோதும் எண்களை ஒளிக்காமல் வெளியிட்டவர் அவர். என் கண்ணுக்கு, அவர் கண்டுபிடித்தவற்றில் பாதி மதிப்பு இந்தக் குணத்துக்கே உரியது.

ஆனால் ஏன் காட்டில் கறுப்பு, பாலைவனத்தில் வெளுப்பு? அன்றைக்குக் கைவசம் இருந்த பதில் குளோகர் விதி. ஈரமான பகுதியில் வாழும் விலங்கு கறுத்தும், வறண்ட பகுதியில் வாழ்வது வெளிறியும் இருக்கும் என்பது அது. நம் பக்கத்திலேயே இதற்குப் பொருந்தும் உதாரணம் உண்டு. சாம்பல் நிற மலை அணில், ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயம் யாருக்காக இருக்கிறதோ அதே அணில், இலங்கையிலும் வாழ்கிறது. தமிழகத்திலும் இலங்கையின் வறண்ட வலயத்திலும் இருப்பது நரையோடிய சாம்பல் பழுப்புத் துணையினம். இலங்கையின் தென்மேற்கு ஈரத் தாழ்நிலத்தில் இருப்பதற்கோ முதுகு கறுகறுவென்று இருக்கும்.

இந்த விதி ஒரு போக்கைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. ஈரக்காற்றே ரோமத்தைக் கறுக்க வைக்கிறதா? அல்லது ஈரமான மண் கறுப்பாக இருக்கிறது, கறுத்த மண்ணில் கறுத்த எலி கண்ணில் படாது, அவ்வளவுதானா? சம்னருக்கு மறைவு நிறம் என்ற விளக்கத்தில் நெடுநாள் நம்பிக்கையில்லை. மான் எலி இரவில் நடமாடுவது. இருட்டில் நிறத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான்.

அவர் மனத்தை மாற்றியது ஃப்ளோரிடா. அங்கே மான் எலியின் நெருங்கிய சொந்தம் ஒன்று வாழ்கிறது: பெரோமிஸ்கஸ் போலியோனோட்டஸ், அதாவது வயல் எலி. உள்நாட்டில் இது சாதாரணப் பழுப்பு. மெக்சிகோ வளைகுடாக் கரையில், பென்சகோலாவுக்கு எதிரே நீண்டு கிடக்கும் சாண்டா ரோசா தீவிலோ ஏறக்குறைய வெள்ளை. தீவின் மணல் சர்க்கரை மாதிரி வெண்மையான குவார்ட்ஸ். இங்கேதான் குளோகர் விதி தடுக்கி விழுகிறது. வளைகுடாக் கரை புழுக்கம் பிடித்த ஈரப் பிரதேசம். ஈரம்தான் கறுக்க வைக்கிறது என்றால் இந்த எலி கறுத்திருக்க வேண்டும். மாறாக, அந்த இனத்திலேயே வெளுத்த எலிகளின் கூட்டத்தில் இது இருக்கிறது. காற்றை விட்டுவிட்டு மண்ணைப் பார்க்கத் தொடங்கினார் சம்னர்.

தீவிலிருந்து உள்நாட்டை நோக்கிச் சுமார் 150 கிலோமீட்டருக்கு இடம் இடமாக எலி பிடித்து நிறத்தை அளந்தார். அங்கே தெரிந்தது ஒரு விசித்திரம். வெண்மணல் கடற்கரையோடு முடிந்துவிடுகிறது. எலியின் வெளுப்பு அங்கே முடிவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே உள்ளே போய், ஏறக்குறைய 40 மைல் தாண்டிய பிறகுதான் சட்டென்று பழுப்புக்கு மாறுகிறது. மண்ணின் எல்லையும் எலியின் எல்லையும் ஒன்றாக விழவில்லை.

கலப்பு நடக்கத்தான் செய்கிறது என்பதற்கு இதுவே நல்ல சாட்சி. கடற்கரையில் வெளுப்பு உயிர் காக்கிறது. அங்கே பிறந்த எலிகள் உள்ளே நகர்ந்து இணைவதால் வெளுப்பு மரபணுவும் அதற்கு வேலையில்லாத இடம் வரை கசிகிறது. உள்நாட்டிலிருந்து பழுப்பு எதிர்த்திசையில் கசிகிறது. எங்கே இரண்டும் சமன்படுகிறதோ அங்கே ஒரு சரிவு உருவாகிறது. 1948-ல் ஜே. பி. எஸ். ஹால்டேன் (பின்னாளில் இந்தியக் குடிமகனாகிப் புவனேஸ்வரில் மறைந்த அதே ஹால்டேன்தான்) சம்னரின் இந்த எண்களை எடுத்து ஒரு கணக்குப் போட்டார். சரிவின் அகலம் தெரிந்தால், எலி ஒரு தலைமுறையில் எவ்வளவு தூரம் நகரும் என்பதும் தெரிந்தால், இயற்கைத் தேர்வு எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று பின்னோக்கிச் சொல்லிவிடலாம். அகன்ற சரிவு என்றால் பலவீனமான இழுப்பு. ஒடுங்கிய சரிவு என்றால் கடுமையான இழுப்பு. இன்றைக்கும் இந்தக் கணக்கின் பேரப்பிள்ளைகளைத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள்.

2008-ல் லின் மல்லனும் ஹோப்பி ஹோக்ஸ்ட்ராவும் சம்னர் நடந்த அதே தடத்தில் மறுபடி எலி பிடித்த முடிவுகளை வெளியிட்டார்கள். எண்பது ஆண்டு கழித்தும் சரிவு அப்படியே இருந்தது. நிறத்தோடு தொடர்பில்லாத டிஎன்ஏ பகுதிகளில் அப்படி ஒரு சரிவு இல்லை. மற்ற மரபணுக்கள் தாராளமாகக் கலந்து ஓடும்போது நிறம் மட்டும் தன் இடத்தில் நிற்கிறது. எலிகள் கலந்து போகவில்லை என்று சொல்வதே பாதி உண்மைதான். அவை கலந்துதான் போயிருக்கின்றன, சில மரபணுக்களைத் தவிர.

அந்தச் சில மரபணுக்கள் எவை? வளைகுடாக் கரை எலிகளில் முக்கியமானவற்றில் ஒன்று எம்சி1ஆர். ரோமத்தின் நிறமிச் செல்லில் கறுப்பு நிறமியைச் செய் என்ற கட்டளையை வாங்கும் புரதம் அது. 2006-ல் ஹோக்ஸ்ட்ராவின் குழு அதில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதைக் கண்டது. மாறிய புரதம் கட்டளையை அரைகுறையாகத்தான் கேட்கும்; நிறம் குறையும். அதே இதழில் இன்னொரு குழு, சைபீரியாவில் கிடைத்த சுமார் 43,000 ஆண்டுப் பழைய மாமூத் எலும்பிலிருந்து எடுத்த இதே மரபணுவில் இதே மாற்றம் இருப்பதாக எழுதியிருந்தது. எலிக்கும் யானைக்கும் இதைவிட நெருக்கமான உறவை யாரும் காட்டியதில்லை! எம்சி1ஆர் தனியாக இதைச் செய்வதில்லை என்பது அடுத்து வந்த சேதி. அகூட்டி என்ற இன்னொரு மரபணுவின் வெளிர் வடிவமும் கூட இருந்தால்தான் அதன் விளைவு கண்ணுக்குத் தெரிகிறது.

எனக்கு இதைவிடச் சுவையாகத் தெரிவது ஃப்ளோரிடாவின் மறுகரை. அட்லாண்டிக் பக்கத்துக் கடற்கரையிலும் வெளுத்த எலிகள் இருக்கின்றன. தோற்றத்தில் வளைகுடா எலிக்கு அண்ணன் தம்பி. ஆனால் வளைகுடா எலிகளின் அந்த எம்சி1ஆர் மாற்றம் அவற்றிடம் இல்லை. ஒரே இனம், ஒரே மாநிலம், ஒரே வெண்மணல், ஒரே வெளுப்பு. மரபணு வழி மட்டும் வேறு. தோலை மேசையில் வரிசையாக அடுக்கி வகைப்படுத்திய பழைய ஆட்களுக்கு இது தெரிய வழியே இல்லை. நிறம் ஒன்றாக இருப்பதால் உறவு நெருக்கம் என்று முடிவுகட்டினால் இங்கே ஏமாந்து போவோம்.

சம்னரின் இருட்டுக் கேள்விக்கு என்ன ஆயிற்று? மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் லீ டைஸ் அதற்கு விடை தேடினார். வெளிர் மண்ணும் கறுத்த மண்ணும் பரப்பிய அறைகளில் இரண்டு நிற மான் எலிகளை விட்டு, ஆந்தைகளையும் உள்ளே விட்டார். 1947-ல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது: மங்கலான வெளிச்சத்திலும் மண்ணோடு ஒட்டாத நிறத்து எலிதான் அதிகம் மாட்டியது. நமக்குத்தான் அது இருட்டு. ஆந்தைக்கு அல்ல.

டைஸ் கவனம் வைத்த இன்னோர் இடம் நெப்ராஸ்காவின் மணற்குன்றுகள். அமெரிக்காவின் நடுவே, கறுத்த வளமான மண்ணுக்கு மத்தியில், புல் மூடிய மாபெரும் வெளிர்மணல் திட்டு. பனியுகம் முடிந்த பிறகு காற்று கொண்டுவந்து கொட்டிய மணல் இது. வயது பத்தாயிரம் ஆண்டுக்குள்தான். இதன் மேல் வாழும் மான் எலிகள் சுற்றுவட்டாரத்து எலிகளைவிடத் தெளிவாக வெளிர்ந்தவை. ஆக, இந்த நிறத்துக்கு ஒரு வயது வரம்பு இருக்கிறது. மலை, கடல் போன்ற பழைய எல்லைகளில் இப்படி ஒரு கடிகாரம் கிடைப்பது அரிது.

இங்கே வேலை செய்வது அகூட்டி. மான் எலியின் முதுகு ரோமம் ஒவ்வொன்றும் ஒரே நிறம் இல்லை. நடுவே ஒரு மஞ்சள் பட்டை உண்டு. ரோமம் வளரும்போது கறுப்பு நிறமியை எப்போது நிறுத்தி மஞ்சளுக்கு மாற வேண்டும் என்று சொல்வது அகூட்டி. மணற்குன்று எலிகளுக்கு இந்தப் பட்டை அகலம், அதனால்தான் முதுகே வெளிர்ந்து தெரிகிறது. 2009-ல் கேத்தரின் லின்னனும் சகாக்களும் இந்த மரபணுவில் ஒரு செரீன் அமினோ அமிலம் உதிர்ந்துபோன மாற்றத்தைச் சுட்டிக்காட்டினார்கள். மணற்குன்றுகள் உருவான பிறகுதான் அது தோன்றியது என்பது அவர்கள் கணிப்பு. 2013-ல் வந்த தொடர்ச்சி இன்னும் நுட்பமானது: முதுகின் நிறம், வயிற்றின் நிறம், இரண்டுக்கும் இடையிலான எல்லைக்கோடு, வாலில் ஓடும் பட்டை என்று ஒவ்வொன்றோடும் அதே மரபணுவின் வெவ்வேறு மாற்றம் தொடர்புபட்டிருக்கிறது. மொத்தமாக வெளுக்க வைக்கும் ஒரே பெரிய மாற்றம் என்று நினைத்திருந்தால், அது பல சின்ன மாற்றங்களின் சேர்க்கை.

இதெல்லாம் நடந்து முடிந்ததை வைத்துச் சொல்லும் கதை. நடக்கும்போதே பார்க்க முடியுமா? ரோவன் பாரெட் தலைமையில் ஒரு குழு நெப்ராஸ்காவின் வாலன்டைன் என்ற சிற்றூரை ஒட்டி அதைச் செய்து பார்த்தது. பக்கத்துக்கு 50 மீட்டர் நீளமுள்ள எட்டு அடைப்புகள், இரும்புத் தகட்டுச் சுவரோடு. நான்கு வெளிர் மணலில், நான்கு கறுத்த மண்ணில். மேலே கூரை கிடையாது. ஆந்தை தாராளமாக வரலாம். ஐந்நூறுக்குச் சற்றுக் குறைவான எலிகளைப் பிடித்து, நிறத்தை அளந்து, டிஎன்ஏ மாதிரி எடுத்து, இரண்டு நிறத்தையும் கலந்து ஒவ்வோர் அடைப்பிலும் விட்டார்கள். சில மாதங்கள் கழித்து மிஞ்சியவற்றை எண்ணினார்கள். வெளிர் மணலில் மிஞ்சியவை சராசரியாக வெளிர்ந்திருந்தன, கறுத்த மண்ணில் கறுத்திருந்தன. அந்தச் செரீன் உதிர்ந்த வடிவம் வெளிர் அடைப்புகளில் கூடியிருந்தது, கறுத்தவற்றில் குறைந்திருந்தது. 2019-ல் இது வெளியானது. ஒரு மரபணு மாற்றத்திலிருந்து தொடங்கி, அது செய்யும் நிறம், அந்த நிறத்தால் வரும் சாவு பிழைப்பு, அதனால் அடுத்து மாறும் மரபணு விகிதம் என்று சங்கிலியின் எல்லாக் கண்ணியையும் காட்டில் வாழும் ஒரு பாலூட்டியில் தொட்டுக் காட்டியது பெரிய காரியம். வேலி கட்ட ஆன செலவையும் உழைப்பையும் நினைத்தால் இதை ஏன் அடிக்கடி யாரும் செய்வதில்லை என்பதும் புரிகிறது.

நிறத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதற்குக் காரணம், அது கண்ணுக்குத் தெரிகிறது என்பதுதான். தெரியாத வேறுபாடுகளும் ஏராளம். கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கும் டெத் பள்ளத்தாக்கிலும் மான் எலி இருக்கிறது. கொலராடோவில் 4,300 மீட்டருக்கு மேல் நிற்கும் புளூ ஸ்கை மலையின் உச்சியிலும் இருக்கிறது (2023 வரை இந்த மலைக்கு எவன்ஸ் என்று பெயர்). அந்த உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் 60 சதவீதத்தைச் சுற்றித்தான். கடுங்குளிர் வேறு. இந்த எலி மாதக்கணக்கில் குளிர்கால உறக்கம் போடுவதும் இல்லை. 20 கிராம் உடம்பைச் சூடாக வைத்திருக்கக் காற்று குறைந்த இடத்தில் நிறைய எரித்தாக வேண்டும். ஜே ஸ்டோர்ஸும் மற்றவர்களும் செய்த ஆய்வுகளின்படி, மலை எலிகளின் ஹீமோகுளோபின் சமவெளி எலிகளுடையதைவிட ஆக்சிஜனை இறுக்கிப் பிடிக்கிறது. அதற்குக் காரணம் ஹீமோகுளோபினில் நடந்த பல அமினோ அமில மாற்றங்கள். ஒரு மாற்றம் தரும் பலன் மற்ற மாற்றங்கள் கூட இருக்கின்றனவா என்பதைப் பொறுத்து மாறுகிறது. தசையில் நுண்குழாய்கள் அடர்த்தி, கொழுப்பை எரிக்கும் திறனும் அதிகம். மலையடிவாரத்திலிருந்து உச்சி வரை எலிகள் தொடர்ச்சியாக வாழ்கின்றன, இணைகின்றன. இருந்தும் ஹீமோகுளோபின் வடிவங்களின் விகிதம் உயரத்துக்கு ஏற்ப மாறுகிறது. ஃப்ளோரிடாவின் கதையேதான், ரத்தத்துக்குள்.

இதுவரை சொன்னதில் எல்லாம் ஆந்தையோ குளிரோ பொருந்தாதவற்றைக் களைந்துகொண்டே இருக்கிறது. மிச்சிகனில் விஷயம் வேறு மாதிரி. அங்கே இரண்டு மான் எலிகள் ஒரே வட்டாரத்தில் உண்டு. ஒன்று காட்டு எலி: நீண்ட வால், பெரிய காது, மரம் ஏறுவது. இன்னொன்று புல்வெளி எலி: குட்டை வால், தரையோடு சரி. வால் இங்கே அலங்காரம் இல்லை. கிளையில் நடக்கும்போது சமநிலை தருவது அதுதான். காட்டு எலிக்கு வால் எலும்புகளின் எண்ணிக்கையும் கூடுதல், ஒவ்வோர் எலும்பின் நீளமும் கூடுதல், இந்த இரண்டையும் தனித்தனி மரபணுப் பகுதிகள் ஆளுகின்றன. ஐரோப்பியக் குடியேறிகள் காட்டை வெட்டி வயலாக்கியபோது மேற்கிலிருந்து புல்வெளி எலி கிழக்கே நகர்ந்து வந்து காட்டு எலியின் வாசலில் நின்றது. ஆய்வகத்தில் இரண்டும் இணைகின்றன. வெளியே கலப்பதாகத் தெரியவில்லை. ஒரே இனத்தின் இரு துணையினங்கள் ஒரே இடத்தில் வாழலாமா என்ற கேள்வியை டைஸ் 1931-லேயே எழுப்பினார். துணையினம் என்றாலே வேறு வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதானே பாடம்!

காரணத்தின் ஒரு பகுதி ரசனை. 1952-ல் வான் ஹாரிஸ் ஆய்வகத்தில் ஒரு பக்கம் செயற்கைப் புல்லும் இன்னொரு பக்கம் செயற்கை மரங்களும் வைத்து எலிகளை விட்டபோது, புல்வெளி எலி புல்லுக்கும் காட்டு எலி மரத்துக்கும் போனது. கூண்டிலேயே பிறந்து, வயலையோ காட்டையோ கண்ணால் பார்த்திராத எலிகளும் அப்படித்தான் செய்தன. பத்து ஆண்டு கழித்து ஸ்டான்லி வெக்கர் பாதி வயலிலும் பாதி காட்டிலுமாக வெளியில் ஓர் அடைப்பைக் கட்டிப் பார்த்தார். பல தலைமுறை கூண்டிலேயே கழித்த புல்வெளி எலிகளிடம் இந்த விருப்பம் மங்கிப் போயிருந்தது. ஆனால் சின்ன வயதில் வயலைக் காட்டினால் மறுபடி பிடித்துக்கொண்டன. பக்கத்து வீட்டில் இருந்தும் சந்திக்காமல் வாழ வேலி தேவையில்லை, வேறு வேறு இடத்தைப் பிடித்தால் போதும்.

இன்னொரு பதில் குரோமோசோமிலேயே இருக்கிறது. காட்டுக்கு நீள வாலும் கறுத்த நிறமும் சேர்ந்து வேண்டும். புல்வெளிக்குக் குட்டை வாலும் வெளிர் நிறமும் வேண்டும். இணையும்போதெல்லாம் தாய் தந்தை மரபணுக்கள் சீட்டுக்கட்டைப் போலக் கலைந்து போவதால், நல்ல ஜோடி உடைந்து நீள வாலோடு வெளிர் நிறம் என்று ஏறுமாறாக அமையலாம். ஆனால் குரோமோசோமின் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொண்டால், திரும்பியதும் திரும்பாததும் சந்திக்கும் எலியில் அந்தப் பகுதி சரியாகக் கலைய முடியாது. அதிலுள்ள மரபணுக்கள் ஒட்டிய சீட்டுகளாக ஒன்றாகவே பயணிக்கும். 2022-ல் எமிலி ஹேகரும் ஹோக்ஸ்ட்ராவின் குழுவும் ஒரிகன் மாநிலத்துக் கடலோரக் காட்டு எலிகளில் 15-ஆம் குரோமோசோமில் 4.1 கோடி டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள இப்படி ஒரு திருப்பத்தைக் கண்டார்கள். அது வால் நீளத்தையும் பாதிக்கிறது, ரோம நிறத்தையும் பாதிக்கிறது. அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு மான் எலியில் இப்படி 21 திருப்பங்களைப் பட்டியலிட்டது. ஒரிகனின் அந்தக் காட்டு எலி ரூபிடஸ் என்ற துணையினம். சம்னர் யுரேகாவில் பிடித்தாரே, அதேதான். நிறமும் வாலும் ஏன் சேர்ந்தே வருகின்றன என்று அவர் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டார். குரோமோசோமுக்குள் எட்டிப் பார்க்கும் வசதி அன்று இல்லை. ஸ்கிரிப்ஸ் நிறுவனம் 1925-ல் பெயரிலேயே கடலியல் நிறுவனமாகிவிட்டது. 1930-ஐ ஒட்டி எலிக் கூண்டுகளை மூடிவிட்டு அவர் மீனுக்கே திரும்ப வேண்டியதாயிற்று.

இனி பெயர்கள். 60-க்கும் மேற்பட்ட துணையினம் என்று சொன்னேனே, அவற்றில் பல ஒரு சரிவின் நடுவே யாரோ ஒருவர் கோடு கிழித்ததால் பிறந்தவை. எங்கே கிழிப்பது என்பது அளந்தவரின் தீர்ப்பு. மறுபக்கம், ஒரே பெயருக்குள் அடைத்து வைத்திருந்தவை தனி இனங்களாகவும் பிரிந்திருக்கின்றன. டிஎன்ஏவை வைத்து 2019-ல் வந்த ஆய்வுகளுக்குப் பிறகு, வட அமெரிக்காவின் மேற்குப் பாதி மான் எலிகளைப் பெரோமிஸ்கஸ் சோனோரியென்சிஸ் என்று தனி இனமாகப் பலரும் எழுதுகிறார்கள். 1993-ல் அமெரிக்காவின் நான்கு மாநிலங்கள் கூடும் பகுதியில் திடீரென்று ஆட்களைக் கொன்ற ஹான்டா வைரஸ் மான் எலியிடமிருந்து வந்தது என்று படித்திருப்பீர்கள். புதிய கணக்கில் அது இந்த மேற்கத்திய எலி. அந்தக் காலத்து மருத்துவக் கட்டுரைகள் எல்லாவற்றிலும் பழைய பெயர்தான் இருக்கும், அதனால் தேடும்போது இரண்டையும் போட்டுத் தேட வேண்டும். இந்தத் தலைவலிக்காகவே சிலர் பழைய பெயரை விடமாட்டேன் என்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் அனுதாபம் உண்டு.

பெயர் வெறும் ஏட்டுச் சண்டையும் அல்ல. அமெரிக்காவின் அழிநிலை உயிரினச் சட்டம் துணையினத்துக்கும் பாதுகாப்பு தருகிறது. ஃப்ளோரிடா, அலபாமா கடற்கரைகளின் வெள்ளை எலிகளில் மூன்று துணையினங்கள் 1985-ல் அந்தப் பட்டியலில் ஏறின. பிறகு இன்னும் சில சேர்ந்தன. உள்நாட்டு வயல் எலிக்கு எந்த ஆபத்தும் இல்லை. கடற்கரை எலி இருக்கும் மணல்மேட்டிலோ விடுதிகள் எழுகின்றன, பூனைகள் வருகின்றன, புயல் அடித்தால் மேடே காணாமல் போகிறது. அட்லாண்டிக் கரையில் இருந்த ஒரு துணையினம் அழிந்தே போயிற்று. பெர்டிடோ கீ என்ற தீவின் எலிகள் 1979-ல் ஃபிரெடெரிக் புயலுக்குப் பின் ஒரே ஒரு பூங்காவில் கொஞ்சமாக மிஞ்சின. 1980-களில் அங்கிருந்து சிலவற்றைப் பிடித்துத் தீவின் இன்னொரு பகுதியில் குடியேற்ற வேண்டியிருந்தது. வயல் எலி கோடிக்கணக்கில் இருக்கிறதே, இவை போனால் என்ன என்று கேட்பவர்களுக்கு அட்லாண்டிக் கரையும் வளைகுடாக் கரையும்தான் பதில். ஒரே வெளுப்புக்கு இரண்டு தனி வரலாறுகள் இருக்கின்றன. ஒன்றை இழந்தால் மற்றதைக் கொண்டுவந்து நட்டு அந்த வரலாற்றை மீட்க முடியாது.

கலிபோர்னியாவுக்கு எதிரே இருக்கும் எட்டுச் சேனல் தீவுகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மான் எலித் துணையினம் உண்டு. அவற்றில் சிலவற்றை ஏறக்குறைய 90 ஆண்டு இடைவெளியில் சேகரித்த மாதிரிகளோடு ஒப்பிட்டபோது அளவுகளே மாறியிருந்தன. வரைபடமும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. இந்தத் தீவுகளில் அனாகாபாவில் கப்பலோடு வந்து பெருகிய கறுப்பு எலிகள் கடற்பறவைகளின் முட்டையைத் தின்று தீர்த்தன. 2001-லும் 2002-லும் அவற்றை ஒழிக்க விஷத் தீனி தூவினார்கள். விஷத்துக்குக் கறுப்பு எலி, மான் எலி என்ற பேதம் தெரியாது. அதனால் முதலில் மான் எலிகளைப் பிடித்துக் கூண்டில் வைத்தார்கள். அனாகாபாவின் மூன்று குறுந்தீவுகளுக்கும் ஒரே நேரத்தில் தூவாமல், ஒன்றை முடித்துவிட்டு அடுத்த ஆண்டு மற்ற இரண்டுக்கும் போனார்கள். விஷம் அடங்கிய பிறகு மான் எலிகளைத் திரும்ப விட்டார்கள். அவை மறுபடி பெருகின, கறுப்பு எலி திரும்பவில்லை.